அப்டேட் போட்டதும் வைஃபை போச்சு: ஓஎஸ்ஸை அழிக்கும் முன் பழைய கெர்னலில் ஏறிப் பாருங்கள்

வாசகர் கேள்வி, 14 ஜனவரி 2024

அக்கா, என் லேப்டாப்ல உபுண்டு 22.04 இருக்கு. நேத்து ராத்திரி அப்டேட் கேட்டுச்சு, குடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் மேல வைஃபை குறியே இல்ல. செட்டிங்ஸ்ல போனா வைஃபை அடாப்டர் எதுவும் இல்லன்னு வருது. அம்மா போன்ல அதே வைஃபை நல்லா ஓடுது. சர்வீஸ் கடைல கேட்டா கார்டு போயிடுச்சு, மாத்தணும்கிறாங்க. ஃப்ரெண்டு மொத்தத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போடுங்கிறான். பொங்கல் லீவு முடிஞ்சதும் ப்ராஜெக்ட் குடுக்கணும். எதைச் செய்யட்டும்?

14 ஜனவரி 2024, மாலை

இரண்டும் வேண்டாம் தம்பி. நேற்றுவரை ஓடிய கார்டு, அப்டேட் போட்ட அடுத்த பூட்டில் செத்துப்போவது அபூர்வம். சந்தேகம் முதலில் கெர்னல் மேல்தான் போகவேண்டும், அதாவது உபுண்டு போன்ற லினக்ஸ் ஓஎஸ்ஸின் அடியில் இருந்து வன்பொருள்களை இயக்கும் மையப் பகுதி மேல்.

இந்த மாதம் 22.04 டெஸ்க்டாப்புகளில் கெர்னல் 6.2-இலிருந்து 6.5-க்கு மாறுகிறது. 22.04 வெளிவந்தபோது 5.15 இருந்தது. அப்புறம் 5.19, பிறகு 6.2, இப்போது 6.5. 22.04 ஒரு எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. எல்டிஎஸ் என்றால் ஐந்து வருஷம் எதுவும் மாறாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மேலே இருக்கும் மென்பொருள்கள்தான் பெரும்பாலும் அதே பதிப்பில் நிற்கும். புது வன்பொருள்களுக்கு ஈடுகொடுக்க அடியில் கெர்னல் மாறிக்கொண்டே போகும்.

இப்போது நீ செய்யவேண்டியது இவ்வளவுதான். ரீஸ்டார்ட் கொடு. கம்பெனி லோகோ மறைகிற நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரே ஒரு தடவை தட்டு. பழைய பயாஸ் மெஷினாக இருந்தால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இரு. எந்தக் கெர்னலில் ஏறுவது என்று கேட்கும் க்ரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போனால் 6.5-க்குக் கீழே 6.2-உம் நிற்கும். ரெக்கவரி மோடு என்று போடாத 6.2 வரியில் இறங்கி என்டர் அடி. அவ்வளவுதான். எதையும் அழிக்கவில்லை, எதையும் நிறுவவில்லை.

எஸ்கேப்பைப் பதற்றத்தில் பலமுறை தட்டினால் க்ரப் என்று மட்டும் எழுதிய கறுப்புத் திரையில் போய் நிற்கும். பயப்படாதே. நார்மல் என்ற ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்தில் அடித்து என்டர் கொடுத்தால் பூட் தொடரும்.

6.2-இல் வைஃபை வந்துவிட்டால் கார்டு நன்றாக இருக்கிறது, ரூட்டர் நன்றாக இருக்கிறது, பாஸ்வேர்டும் சரி. மூன்று சந்தேகம் ஒரே ரீஸ்டார்ட்டில் தீரும். இந்தச் சோதனையைச் செய்யாமல் வேறு எதில் கை வைத்தாலும் இருட்டில் தேடுவதுதான்.

14 ஜனவரி 2024, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன், உடனே சொல்லவேண்டியது. தேவையில்லாத பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையை இப்போது அடிக்காதே. வழக்கமாக அது முந்தைய கெர்னல் ஒன்றை விட்டுவைக்கும். ஆனாலும் கோளாறு தீரும்வரை அந்தப் பக்கமே போகவேண்டாம்.

நெட் இல்லாமல் எப்படிச் சரிசெய்வது என்று கேட்பாய். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய். லினக்ஸுக்குத் தனி டிரைவர் எதுவும் தேவையில்லை, வயர்டு கனெக்‌ஷன் என்று தானாக வந்து நிற்கும். பலருக்குத் தெரியாத விஷயம்: போன் வீட்டு வைஃபையில் இருந்தால், பெரும்பாலான போன்களில் அந்த வைஃபை நெட்டே கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போகும், மொபைல் டேட்டா செலவாகாது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்தால் டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருக்கும். அப்போது கேபிளை மாற்று.

15 ஜனவரி 2024

பொங்கல் வாழ்த்துகள். 6.2-இல் ஏறினேன், வைஃபை வந்துவிட்டது என்று தம்பி எழுதியிருக்கிறான். நல்லது. ப்ராஜெக்ட்டை 6.2-இலேயே முடித்துக் கொடு. வைத்தியத்தை அப்புறம் பார்ப்போம், அவசரமே இல்லை.

கார்டு மாற்றச் சொன்ன கடைக்காரர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு லேப்டாப்பைத் திறக்கும் முன் இந்த ஒரு ரீஸ்டார்ட்டைச் செய்து பார்க்க எவரும் மெனக்கெடுவதில்லை என்பதில் வருத்தம் உண்டு. பாளையங்கோட்டையில் எங்கள் டிடிபி கடையில் இதே கதை நடந்தது. கல்யாணப் பத்திரிகை சீசனில், ப்ரூஃப் அனுப்பவேண்டிய நேரத்தில் லேப்டாப்பில் வைஃபை காணோம். வெளியே காட்டியபோது மதர்போர்டு போச்சு என்று சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய கெர்னலில் ஏற்றினேன், அதிலும் வரவில்லை. அப்படியானால் கெர்னல் இல்லை என்று தெரிந்தது. ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விட்டேன். அடுத்த பூட்டில் கார்டு வந்து நின்றது. ரீஸ்டார்ட் செய்யும்போது கார்டுக்குப் போகும் மின்சாரம் முழுசாக அறுவதில்லை, சிக்கிய நிலையிலேயே சிக்கிக் கிடக்கும். மொத்தமாக வடிந்தால்தான் தெளியும்.

பழைய கெர்னல் சோதனை 'வரவில்லை' என்று பதில் சொன்னாலும் அது பதில்தான்.

17 ஜனவரி 2024

தம்பி 6.5-இல் ஏறி, நான் கேட்டதை அனுப்பியிருக்கிறான். எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ஒரு கோடு போட்டு என்என்கே சேர்த்தால், ஒவ்வொரு கார்டுக்கும் எந்த டிரைவர் ஓடுகிறது என்று காட்டும். வைஃபை கார்டு பட்டியலில் இருக்கிறது. அதற்குக் கீழே 'கெர்னல் மாட்யூல்ஸ்' என்று ஒரு வரியும் இருக்கிறது. அதற்கு மேலே வரவேண்டிய 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி மட்டும் இல்லை.

இந்த ஒரு வரி இல்லாததில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கார்டு கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே கழன்றுபோகவில்லை. அதற்கு ஏற்ற மாட்யூல், அதாவது டிரைவர், 6.5-க்குள்ளேயே உண்டு. ஆனால் எதுவும் அதைக் கையில் எடுக்கவில்லை. யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள்.

தம்பி, லேப்டாப் வாங்கியபோது வைஃபைக்காக ஏதாவது டிரைவரை இணையத்தில் எடுத்துப் போட்டார்களா என்று கேட்டுச் சொல்.

18 ஜனவரி 2024

போட்டிருக்கிறார்கள். 2022-இல் வாங்கிய லேப்டாப். அப்போது 22.04-இல் இருந்த 5.15 கெர்னலுக்கு இந்தச் சிப்பைத் தெரியாது. யாரோ கோட் கிடங்கிலிருந்து ஒரு டிரைவரை இறக்கி டிகேஎம்எஸ் வழியாக நிறுவிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு அது சரியான வேலைதான்.

டிகேஎம்எஸ் என்ன செய்யும்? கெர்னலோடு வராத டிரைவரின் மூல நிரலை வைத்துக்கொண்டு, புது கெர்னல் வரும்போதெல்லாம் அதன் அளவுக்கு மறுபடி தைத்துக் கொடுக்கும் தையல்காரர் மாதிரி. அதற்கு அந்தக் கெர்னலின் அளவுக்குறிப்பு மாதிரியான ஹெடர்ஸ் பேக்கேஜ் இருக்கவேண்டும். ஹெடர்ஸ் இருந்தும்கூடத் தோற்கலாம், ஏனென்றால் கெர்னலின் உள் அமைப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். லினக்ஸ் உருவாக்குபவர்கள் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்: பயனர் நிரல்களுக்கான வெளி இடைமுகத்தை உடைக்கமாட்டோம், டிரைவர்கள் பயன்படுத்தும் உள் இடைமுகத்துக்கு அப்படி உத்தரவாதம் கிடையாது. கெர்னலின் சொந்த மூல நிரல் தொகுப்பை மரம் என்பார்கள். அந்த மரத்துக்குள் இருக்கும் டிரைவரை, இடைமுகத்தை மாற்றுகிறவரே சேர்த்துத் திருத்திவிடுவார். மரத்துக்கு வெளியே இருக்கும் டிரைவருக்கு அந்த ஆள் கிடையாது.

தம்பி அனுப்பிய பில்டு பதிவில் அது அப்படியே தெரிகிறது. வார் அடைவில், லிப் என்பதற்குள், டிகேஎம்எஸ் என்பதற்குள் போனால் மேக் டாட் லாக் என்ற கோப்பு இருக்கும். கடைசி வரிகளில் ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்த ஆர்க்யூமென்ட்டுகள் போதவில்லை என்று சிவந்து நிற்கிறது. 6.2-இல் கம்பைல் ஆன, அதாவது ஓடும் டிரைவராக மாறிய, அதே மூல நிரல் 6.5-இல் ஆகவில்லை. அப்டேட் ஓடும்போது இந்தப் பிழைச்செய்தி ஒரு கணம் ஓடி மறைந்திருக்கும். யார் பார்ப்பார்கள்?

அது மட்டுமென்றால் கெர்னலின் சொந்த டிரைவர் வேலையை எடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் வெளியிலிருந்து வந்த டிரைவர் நிறுவும்போதே, எட்ஸி அடைவின் மாட்ப்ரோப் டாட் டி பகுதியில் ஒரு பிளாக்லிஸ்ட் கோப்பைப் போட்டு, கெர்னலின் டிரைவரைத் தடைசெய்துவிட்டது. தானும் ஓடவில்லை, அடுத்ததையும் ஓடவிடவில்லை.

18 ஜனவரி 2024, இரவு

வழி இரண்டு. வெளி டிரைவரின் புதுப் பதிப்பு 6.5-க்கு வந்திருந்தால் அதை நிறுவலாம். அல்லது வெளி டிரைவரை முழுசாக எடுத்துவிட்டு, கெர்னலில் இருப்பதை ஓடவிடலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் வழியில் அடுத்த கெர்னலுக்கு இதே கூத்து மறுபடி நடக்கும்.

6.2-இல் இருந்துகொண்டே செய். அந்த டிரைவரோடு வந்த நீக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் அதையே ஓட்டு. இல்லையென்றால் டிகேஎம்எஸ் ரிமூவ் கொடுத்து, எல்லாக் கெர்னல்களுக்கும் என்று குறிப்பிடு. பிளாக்லிஸ்ட் கோப்பை நீக்கும் முன் திறந்து பார், அந்த டிரைவருக்கான வரி மட்டும்தானா என்று. உபுண்டுவே வைத்திருக்கும் பிளாக்லிஸ்ட் கோப்புகள் அதே அடைவில் உண்டு, அவற்றைத் தொடக்கூடாது. அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ் என்ற பூட் பிம்பத்தை, அதாவது தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் கோப்பை, புதுப்பிக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை எல்லாக் கெர்னல்களுக்கும் ஓட்டு, பழைய தடை பூட் பிம்பத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரீஸ்டார்ட் செய்து 6.5-இல் ஏறு.

19 ஜனவரி 2024

வந்துவிட்டதாம்.

வேகமும் கூடியிருக்கிறது என்கிறான். அதை டிரைவர் கணக்கில் எழுதலாமா தெரியவில்லை. ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

22 ஜனவரி 2024

நம்பகமான கையெழுத்துள்ள நிரல்களை மட்டும் பூட் ஆகும்போது அனுமதிக்கும் செக்யூர் பூட் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு மாட்யூல் சரியாகக் கம்பைல் ஆகிறது, ஆனால் ஏற்றும்போது சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் செய்தி வருகிறது. இது வேறு வகை. செக்யூர் பூட் ஆனில் இருந்தால், கையெழுத்திடாத மாட்யூலைக் கெர்னல் உள்ளே விடாது. டிகேஎம்எஸ் தானே ஒரு சாவியை உருவாக்கிக் கையெழுத்திடும், ஆனால் அந்தச் சாவியை மெஷின் ஏற்கவேண்டும். அதற்குத்தான் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கிறது. அடுத்த பூட்டில் நீலத் திரை ஒன்று வரும், என்ரோல் எம்ஓகே, அதாவது மெஷின் உரிமையாளரின் சாவியைப் பதிவுசெய் என்று. பத்து நொடி சும்மா இருந்தால் அது மறைந்து வழக்கமான பூட்டுக்குப் போய்விடும். பயந்து கன்டினியூ கொடுக்கிறவர்களும் நிறைய. சாவி பதிவாகாது, டிரைவர் ஏறாது.

செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்பது எல்லாரும் சொல்லும் குறுக்குவழி. அணைத்தால் ஓடும், உண்மைதான். ஆனால் இரண்டு நிமிட வேலைக்குப் பயந்து ஒரு பாதுகாப்பை நிரந்தரமாக எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீலத் திரையில் நின்று, பாஸ்வேர்டைக் கொடுத்துப் பதிவுசெய்யுங்கள்.

25 ஜனவரி 2024

இத்தனை தொல்லைக்கு அப்டேட்டே போடாமல் இருக்கலாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

2017 அக்டோபரில் மாத்தி வான்ஹூஃப் என்ற பெல்ஜிய ஆய்வாளர் வைஃபையைப் பூட்டிக் காக்கும் டபிள்யூபிஏ2 முறையில் ஒரு ஓட்டையை வெளியிட்டார், கிராக் என்று பெயர். இணையும்போது கருவியும் ரூட்டரும் சாவியை ஒத்துக்கொள்ளும் கைகுலுக்கலின் மூன்றாவது செய்தியை மறுபடி அனுப்பினால், கருவி ஏற்கெனவே பயன்படுத்திய சாவியையே மறுபடி நிறுவிக்கொள்ளும். வைஃபையில் இணைய லினக்ஸும் ஆண்ட்ராய்டும் பயன்படுத்தும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற நிரலின் 2.4-உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் அதைவிட மோசம், முழுக்கப் பூஜ்யமான சாவியை நிறுவிக்கொண்டன. அதாவது வைஃபையில் போவதைப் பக்கத்தில் நிற்பவர் படிக்கலாம். தீர்வு அப்டேட்டில்தான் வந்தது. 2021 மேயில் அவரே ஃபிராக் அட்டாக்ஸ் என்ற இன்னொரு ஓட்டைத் தொகுதியை வெளியிட்டார். அதற்கும் தீர்வு கெர்னலிலும், கார்டுக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரிலும் வந்த அப்டேட்கள்தான்.

எங்கள் கடையில் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், ஜாதிச் சான்றிதழ், பத்திரங்கள் வந்து போகின்றன. அந்த மெஷின்களை அப்டேட் இல்லாமல் வைத்திருக்க எனக்கு உரிமையில்லை என்றே நினைக்கிறேன். அப்டேட் போடுங்கள். அவசர வேலைக்கு முந்தைய இரவில் போடாதீர்கள், பழைய கெர்னலையும் வைத்திருங்கள்.

26 ஜனவரி 2024

விண்டோஸ் காரர்களும் விலக்கல்ல. போன மாதம், 2023 டிசம்பரில், விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டுக்குப் பின் சில மெஷின்களில் வைஃபை இணையவில்லை. முக்கியமாகக் கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகளில். மைக்ரோசாஃப்ட் பிரச்சினையை ஒப்புக்கொண்டு, அந்த மாற்றத்தை மட்டும் தொலைவிலிருந்தே திரும்ப எடுத்தது. அங்கே க்ரப் மெனு இல்லை, ஆனால் அப்டேட் ஹிஸ்டரியில் போய்க் கடைசி அப்டேட்டை நீக்கிப் பார்க்கலாம், டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் உண்டு. சோதனையின் தத்துவம் ஒன்றுதான்.

டூயல் பூட், அதாவது ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழு ஷட்டவுன் இல்லை. கார்டைப் பாதி நிலையில் விட்டுவிட்டுப் போகும், லினக்ஸ் வந்து அதை எழுப்ப முடியாமல் தவிக்கும். பெரிய விண்டோஸ் அப்டேட்டுகளுக்குப் பின் இந்த செட்டிங் தானாக மறுபடி ஆன் ஆகியிருக்கலாம், ஒரு கண் வையுங்கள்.

30 ஜனவரி 2024

மேலே நான் எழுதியதையே கொஞ்சம் திருத்தவேண்டியிருக்கிறது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் விநியோகத்தைப் பயன்படுத்தும் நண்பர் ஒருவர், 'ஒரு கெர்னல் பின்னால் போ என்று எப்போதும் சொல்வது ஆபத்து' என்று எழுதியிருந்தார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது நியாயம். அதற்கான உதாரணம் போன மாதம்தான் நடந்தது.

டெபியன் 12.3 டிசம்பர் 9 அன்று வரவேண்டியது. அதற்காக வைத்திருந்த கெர்னல் 6.1.64-இல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தரவைக் கெடுக்கும் பிழை தெரியவந்தது. வெளியீட்டை நிறுத்தினார்கள். மறுநாள் 6.1.66 கெர்னலோடு நேராக 12.4 வந்தது. அந்த 6.1.66-இல் வேறொரு பிழை, அது வைஃபையில். கெர்னலின் வைஃபை வேலையைப் பார்க்கும் சிஎஃப்ஜி80211 என்ற பகுதிக்கு வந்த ஒரு திருத்தம் சில கார்டுகளில் டெட்லாக்கை, அதாவது ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாம் உறைந்துபோகும் நிலையை, உண்டாக்கியது. வைஃபை மட்டும் நின்றால் பரவாயில்லை, இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் உறைந்து, ஐபி கட்டளை உறைந்து, ஷட்டவுன்கூட முடியாமல் மெஷின் தொங்கியது. அந்த ஒரே திருத்தத்தைத் திரும்ப எடுப்பதற்காகவே 6.6 வரிசையில் 6.6.6 வெளியானது, டிசம்பர் 11 அன்று. டெபியன்காரர்களுக்கு அதே தீர்வு 6.1.67-இல் வந்தது.

இப்போது பாருங்கள். 6.1.66-இல் வைஃபை தொங்குகிறது என்று ஒருவர் என் பேச்சைக் கேட்டு ஒரு படி பின்னால் போனால், 6.1.64-இல் போய் நிற்பார், கோப்புகளுக்கு ஆபத்தான கெர்னல். அதற்கும் முந்தைய 6.1.55-க்குப் போயிருக்கவேண்டும்.

ஆகவே இப்படிச் சொல்கிறேன்: நீங்கள் நிறைய நாள் தொல்லையில்லாமல் ஓட்டிய கெர்னலுக்குப் போங்கள். அது நேற்றையதாகவே இருக்கவேண்டும் என்றில்லை. போகும் முன் உங்கள் விநியோகத்தின் அறிவிப்புப் பக்கத்தைப் போனில் ஒரு பார்வை பாருங்கள். சோதனை முடிந்ததும் பழைய கெர்னலிலேயே குடியிருக்காதீர்கள்.

2 பிப்ரவரி 2024

கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி பதிவில் ஃபர்ம்வேர் லோட் தோல்வி, பிழை எண் கழித்தல் 2 என்று வந்தால் பதறவேண்டாம். கழித்தல் 2 என்றால் கோப்பு இல்லை என்றுதான் அர்த்தம். பல டிரைவர்கள் புதிய ஃபர்ம்வேர் பதிப்பை முதலில் தேடி, இல்லையென்றால் அடுத்ததைத் தேடும். இரண்டு மூன்று தோல்வி வரிகளுக்குப் பின் ஒன்று ஏறியிருந்தால் எல்லாம் சரி. கடைசி வரைக்கும் எதுவும் ஏறவில்லை என்றால்தான் ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பார்க்கவேண்டும்.

ஃபர்ம்வேர் என்றதும் பழைய காலம் ஞாபகம் வருகிறது. பிராட்காம் கார்டு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். 2006-இல் 2.6.17 கெர்னலில் சேர்ந்த டிரைவர், வெளியிலிருந்தவர்கள் கார்டின் நடத்தையை ஆராய்ந்து எழுதியது. ஃபர்ம்வேரை விண்டோஸ் டிரைவர் கோப்பிலிருந்து ஒரு சின்ன நிரலால் வெட்டி எடுத்துப் போடவேண்டும். நெட் இல்லாத மெஷினுக்கு நெட் கொண்டுவர, நெட்டிலிருந்து கோப்பு வேண்டும்! 2010 செப்டம்பரில் அந்த நிறுவனமே தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டபோது அவ்வளவு சந்தோஷம். டெபியனில் இன்னும் தாமதம். 2022 அக்டோபரில் முடிந்த வாக்கெடுப்புக்குப் பின், 2023 ஜூனில் வந்த 12-இலிருந்துதான் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்த்தார்கள். கொள்கை பிடித்தவர்களுக்கு அது கசப்பு. எனக்கு வைஃபை இல்லாமல் முழிக்கும் புதியவரின் முகம்தான் கண்ணில் நிற்கிறது, ஆகவே வரவேற்றேன்.

11 பிப்ரவரி 2024

வீட்டில் ஓடுகிறது, கல்லூரி வைஃபையில் மட்டும் 22.04-க்கு மாறிய பின் ஏறவில்லை என்கிறவருக்கு: பெரும்பாலும் உங்கள் டிரைவரிலோ கெர்னலிலோ கோளாறு இல்லை. 22.04-இல் ஓபன்எஸ்எஸ்எல் 3 வந்தது, பாதுகாப்பான இணைப்புகளுக்கான நூலகம் அது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் நெட்வொர்க்கில், உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர் டிஎல்எஸ் என்ற மறைகுறி முறையின் பழைய 1.0 பதிப்பிலேயே இருந்தாலோ, இணைப்பின் நடுவில் பழைய பாணி மறுபேச்சுவார்த்தையைக் கேட்டாலோ, புதிய நூலகம் பேச மறுக்கும். உங்கள் பக்கத்தில் பாதுகாப்பைத் தளர்த்தி ஓட்ட வழி உண்டு, ஆனால் சர்வரைப் புதுப்பிக்கச் சொல்லி நிர்வாகத்திடம் எழுதுவதுதான் முறை. எழுதும்போது ஜர்னல் பதிவிலிருந்து அந்தப் பிழை வரியை அப்படியே ஒட்டி அனுப்புங்கள். 'வைஃபை வரவில்லை' என்ற கடிதத்துக்கு எவரும் பதில் எழுதுவதில்லை.

3 மார்ச் 2024

சித்தப்பா வீட்டு லேப்டாப். அப்டேட்டுக்குப் பின் வைஃபை இருக்கிறது, ஆனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் பக்கம் திறக்க இழுக்கிறது. ரூட்டர் எவ்வளவு சீக்கிரம் பதில் தருகிறது என்று பிங் கொடுத்துப் பார்த்தேன். சாதாரணமாக 2, 3 மில்லிசெகண்டில் வரவேண்டிய பதில் சில நேரம் 200-ஐத் தாண்டுகிறது. மின்சேமிப்புதான் காரணம். நெட்வொர்க் மேனேஜரின் கான்ஃப் டாட் டி அடைவில் வைஃபை பவர்சேவ் ஆன் என்று பெயருள்ள கோப்பில் 3 என்று இருக்கும், 3 என்றால் சேமி. அதை 2 ஆக்கினால் சேமிக்காதே. மாற்றி, நெட்வொர்க் மேனேஜரை ரீஸ்டார்ட் செய்ததும் பிங் சீரானது. பாட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். சித்தப்பா எப்போதும் சார்ஜரில்தான் வைத்திருக்கிறார்.

4 மார்ச் 2024

போன் அப்டேட்டுக்குப் பின் வைஃபை ஏறவில்லை என்று வருகிறவர்களுக்கு ஒரு வரி: ரூட்டரில் மேக் முகவரி வடிகட்டி, அதாவது ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணைப் பார்த்து அனுமதிக்கும் பட்டியல், போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு தற்செயல் முகவரியைக் காட்டுகின்றன. ரூட்டருக்கு அது அந்நிய போன். வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் போனின் உண்மை முகவரியைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது வடிகட்டியையே எடுத்துவிடலாம். மேக் முகவரியை எவரும் எளிதாக நகலெடுக்கலாம் என்பதால் அந்த வடிகட்டி பெரிய காவல் இல்லை.

20 செப்டம்பர் 2024

22.04-க்கு 6.8 வந்துவிட்டது. 22.04.5 இதே மாதம் 12-ஆம் தேதி வெளியானது. டிகேஎம்எஸ் டிரைவர் வைத்திருப்பவர்களிடமிருந்து மறுபடி அதே கேள்விகள் வருகின்றன. 6.5-க்கு ஜனவரியில் திருத்திய வெளி டிரைவர்களில் சில 6.8-இல் கம்பைல் ஆகவில்லை. அப்டேட் கொடுக்கும் முன்பே டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று அடித்துப் பாருங்கள். வைஃபை டிரைவர் ஏதாவது பட்டியலில் இருந்தால், கெர்னலிலேயே அந்தச் சிப்புக்கு இப்போது ஆதரவு இருக்கிறதா என்று தேடுங்கள். 5.15 காலத்தில் இல்லாத பல சிப்புகளுக்கு இன்று உண்டு. தம்பியிடம் வெளி டிரைவர் எதுவும் மிச்சமில்லாததால், 6.8-இல் ஏறியதும் வைஃபை தானாக வந்திருக்கிறது.

இன்னொரு புது வகையையும் இந்த முறை பார்த்தேன். பூட் பார்ட்டிஷனைத் தனியாகப் பிரித்து, சின்னதாக வைத்தவர்கள். அதில் இடம் நிரம்பி, புதுக் கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்று, அப்டேட்டே அரைகுறை. பழைய கெர்னலை வைத்திருங்கள் என்று நான் சொன்னதைச் சிலர் எல்லாவற்றையும் வைத்திருப்பது என்று எடுத்துக்கொண்டார்கள் போல. ஓடுகிற ஒன்று, நம்பிக்கையான பழையது ஒன்று, இரண்டு போதும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எது என்று யூநேம் கட்டளையில் ஆர் சேர்த்துப் பார்த்துவிட்டு, மற்றதை ஆப்ட் வழியாகவே நீக்குங்கள். பூட் அடைவிலிருந்து கோப்புகளைக் கையால் அழித்தால் பேக்கேஜ் கணக்கு குழம்பும்.

21 செப்டம்பர் 2024

யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வாங்கலாம், ஆனால் பெட்டியில் போட்ட பிராண்டைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் சிப்பைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடல் பெயரில் பதிப்புக்கு ஒரு சிப் போட்டு விற்கிறார்கள். 'லினக்ஸ் ஆதரவு உண்டு, டிரைவரை இறக்கி நிறுவவும்' என்று எழுதியிருந்தால், அதுவும் டிகேஎம்எஸ் வழிதான். கெர்னலிலேயே டிரைவர் இருக்கும் சிப்பாகத் தேடுங்கள்.

செருகியதும் வைஃபைக்குப் பதில் சிடி டிரைவ் ஒன்று தோன்றினால் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்கவேண்டாம். சில டாங்கிள்கள் விண்டோஸ் டிரைவரைத் தமக்குள்ளேயே சிடி போலக் காட்டும். அந்த சிடியை எஜெக்ட் செய்தால் வைஃபை கருவியாக மாறும், யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் பேக்கேஜ் நிறுவியிருந்தால் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும்.